பிரித்துப் பார்க்கும் கை

கண்ணு,

நீ இதைப் படிக்கும்போது நான் திண்டிவனத்தில் யாருடைய காலிலோ கட்டுப் பிரித்துக்கொண்டிருப்பேன். வெள்ளிக்கிழமை எனக்கு லீவுதான். நீ வருகிறாய் என்று தெரிந்து வேண்டுமென்றேதான் டூட்டியை மாற்றிப் போட்டுக்கொண்டேன். நீ உள்ளே நுழையும்போது நான் இருந்தால், உன் பையை வாங்கி வைப்பதற்குள் நூறு கேள்வி கேட்டுவிடுவேன். நீ பாதிக்குப் பதில் சொல்லாமல் குளிக்கப் போய்விடுவாய். நான் சொல்ல நினைத்தது தொண்டையிலேயே நின்றுவிடும். என் வாயைப் பற்றி உனக்குத் தெரியாதா? அதனால்தான் பேப்பரில் எழுதுகிறேன். கேஸ் ஷீட்டில் அவசர அவசரமாக எழுதிப் பழகிய கை, கோணல்மாணலாகத்தான் இருக்கும். பொறுத்துக்கொண்டு கடைசி வரைக்கும் படி.

இந்தக் கடிதத்துக்குக் கீழே ஒரு கவர் இருக்கிறது பார். உன் பாஸ்போர்ட். விசா ஆபீஸிலிருந்து செவ்வாய்க்கிழமை வந்தது. கூரியர்காரர் நீ எழுதிக் கொடுத்திருந்த கடிதத்தையும் என் ஆதார் கார்டையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, "பையன் வெளிநாடு போறாராம்மா?" என்று கேட்டார். "உள்ள இன்னா போட்டுக்கிறாங்கன்னு தெரிஞ்சாத்தானே போறானா இல்லியான்னு சொல்ல முடியும்" என்றேன். "பிரிச்சுப் பாருங்கம்மா, உங்க புள்ளதானே" என்று சிரித்துவிட்டுப் போனார். நான் பிரிக்கவில்லை. நீ நம்பமாட்டாய், உன் அப்பாவே நம்பவில்லை. சாயங்காலம் கெடார் நிலத்திலிருந்து வந்தவர் கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பிரிச்சு மறுபடி ஒட்டிட்டியா?" என்றார். என் பேர் அந்த அளவுக்குக் கெட்டுக் கிடக்கிறது.

கெட்டதில் நியாயம் இருக்கிறது. உனக்கு வந்த எதை நான் பிரிக்காமல் விட்டேன், சொல்? உன் பிறந்த நாளுக்கு உன் ஃபிரண்ட் கொடுத்தனுப்பிய பார்சலை நீ டியூஷன் விட்டு வருவதற்குள் பிரித்து, உள்ளே இருந்த பேனாவை எழுதிக்கூடப் பார்த்துவிட்டேன். நீ முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. காலேஜ் அட்மிஷன் கார்டு வந்தபோதும் அப்படித்தான். நீ ஓடி வந்து கை நீட்டுவதற்குள் நானே படித்து, நானே கத்தி, பக்கத்து வீட்டுக்கும் நானே சொல்லிவிட்டேன். உன் சந்தோஷத்தை உனக்கு முன்னால் நான் தின்றுவிட்டேன் என்பது அப்போது உறைக்கவில்லை. இட்லிக் குண்டான் மூடியைத் திறந்து திறந்து பார்ப்பேன். "ஆவி போவுது, மூடும்மா!" என்று கத்துவாய். எனக்கு எதையும் கண்ணால் பார்த்தால்தான் மனசு ஆறும். அது கெட்ட புத்திதான், என்ன செய்வது.

இதில் வேடிக்கை என்ன தெரியுமா? என் வேலையே பிரிக்காமல் இருக்கச் சொல்லிக் கொடுக்கிற வேலை. டிரெஸ்ஸிங் ரூமில் இத்தனை வருஷமாக நான் செய்தது அவ்வளவுதான். புண்ணைக் கழுவு, ஈரம் காயாமல் கட்டு, டாக்டர் சொன்ன நாள் வரைக்கும் சும்மா விடு. காய்ந்து ஒட்டிப் போன துணியைப் பிடுங்கினால் புதுச் சதையும் சேர்ந்து வந்துவிடும் என்று புதுசாக வந்த பெண்களிடம் கரடியாகக் கத்தியிருக்கிறேன். அனந்தபுரத்திலிருந்து ஒரு பெரியவர் வருவார், மண்வெட்டி பட்டுக் குதிகாலில் ஆழமான புண், சுகர் வேறு. நீ லீவுக்கு வந்திருந்தபோது அவரைப் பற்றி உனக்குச் சொல்லியிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும், "சிஸ்டர், எப்ப சதை வெப்பீங்க?" என்று கேட்பார். "நான் வெக்க மாட்டேங்க, அதுவா வரும். நீங்க மண்ணு படாம பாத்துக்கினா போதும்" என்பேன். ஒரு நாள் கட்டைப் பிரித்தபோது அடியில் சிவப்பாகப் பொடிப்பொடியாக எழும்பியிருந்தது, ஈரக் கேப்பையைப் பரப்பி வைத்தது மாதிரி. அவருக்குக் காட்டினேன். மனுஷன் கையெடுத்துக் கும்பிட்டார். என்னைக் கும்பிட்டு என்ன, நான் சும்மாதானே இருந்தேன்.

ஆனால் அந்தப் புத்தி ஊரார் புண்ணுக்கு மட்டும்தான். உனக்கு ஒன்பது வயசில் கெடார் ரோட்டில் சைக்கிளிலிருந்து விழுந்து முட்டியைப் பெயர்த்துக்கொண்டு வந்தாயே, ஞாபகம் இருக்கிறதா? நானே கழுவி நானே கட்டினேன். அடுத்தவன் பிள்ளையாக இருந்தால் மூன்று நாள் தொட்டிருக்கமாட்டேன். உனக்குக் காலையில் ஒரு தடவை பிரித்தேன், ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் ஒரு தடவை பிரித்தேன். ஒவ்வொரு தடவையும் லேசாக மூடிய தோல் கிழிந்தது. நீ பல்லைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்ப்பாய். உன் அப்பா ஒரு நாள் பொறுக்கமுடியாமல், "ஊராங்க புண்ணுக்கு மூணு நாளு, ஒம் புள்ள புண்ணுக்கு மூணு மணி நேரமா? எதுக்கு இந்தப் புள்ளைய பேஜாரு பண்ற?" என்று கத்தினார். எட்டு நாளில் ஆற வேண்டியது ஒரு மாதம் இழுத்தது. அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. நீ அரை டிராயர் போட்டுக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்தால் எனக்கு முதலில் தெரிவது அதுதான். நீ அதை விழுந்த தழும்பு என்கிறாய். அது நான் பிரித்த தழும்பு.

பெங்களூரில் பிஎச்டி சேர்ந்து ரொம்ப நாள் வரைக்கும் நீ என்ன படிக்கிறாய் என்று யார் கேட்டாலும் எனக்குச் சொல்லத் தெரியாது. நாலாவது வருஷப் பொங்கலுக்கு வந்தபோது, நான் மல்லாட்டை உரித்துக்கொண்டிருக்கும்போது எதிரில் வந்து உட்கார்ந்து நீயே சொன்னாய். "ம்மா, நீ சொல்லுவியே, சதை அதுவா வரும்னு. அதுக்கு வர்றதுக்கு ஒரு எடம் வேணும்ல? அந்த எடத்ததான் நான் செய்றேன்." புரோட்டீனில் குட்டிக் குட்டித் துண்டுகள், தண்ணீரில் கரைத்தால் தண்ணீர் மாதிரியே இருக்கும் என்றாய். "கொஞ்சம் உப்புத் தண்ணி பட்டா போதும்மா, ஒண்ணோட ஒண்ணு கோத்துக்கினு நூலாயிடும். கண்ணுக்குத் தெரியாது, அவ்ளோ மெல்லிசு. நூலுங்க வலையாயிடும். தண்ணி அதுக்குள்ள மாட்டிக்கினு கெட்டியாயிடும். அந்த ஜெல்லுக்குள்ள செல்ல வெச்சா, உடம்புக்குள்ளயே இருக்கறதா நெனச்சிக்கினு கைகால நீட்டி வளரும்."

"அந்த வலைய யாருடா பின்றது?" என்று கேட்டேன்.

"யாரும் பின்ன வாணாம்மா. அதுவா பின்னிக்கும். நாம கைய வெக்காம சும்மா இருக்கணும், அதான் கஷ்டம்."

"யாருக்குடா சொல்ற, எனக்கா?" என்று ஒரு மல்லாட்டைத் தோலை எடுத்து உன் மேல் வீசினேன். எவ்வளவு சிரித்தோம் அன்றைக்கு! உரித்து வைத்த கடலையில் பாதியை நீயே தின்றுவிட்டாய். நம் இரண்டு பேர் வேலையும் ஒன்றுதான் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பஸ்ஸில் திண்டிவனம் போகும்போது அதையே நினைத்துக்கொண்டு போவேன். என் மகன் புண்ணுக்கு இடம் செய்கிறான் என்று கண்டக்டரிடம்கூடச் சொல்லியிருக்கிறேன். அந்தப் பொங்கலை நினைத்தால் இப்போதும் வயிற்றுக்குள் இதமாக இருக்கும். அதற்குப் பிறகு அந்த மாதிரி நாம் சிரிக்கவே இல்லை. ஏன் என்று உனக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அதைச் சொல்லத்தான் இவ்வளவு சுற்றி வருகிறேன்.

அந்த வருஷமே பெங்களூருக்கு வந்து உன் லேபைப் பார்க்க வேண்டும் என்று நான்தான் நச்சரித்தேன். ஞாயிற்றுக்கிழமை, ஆட்கள் அதிகம் இல்லை. அங்கே இருந்த பெண் வெளியாளை உள்ளே விடத் தயங்கியபோது, "எங்கம்மா நர்ஸு, அவங்களுக்கு எல்லாம் தெரியும்" என்று நீ சொன்னாய். எனக்குத் தலை கால் புரியவில்லை. செருப்பு மாற்றி, கவுன் மாட்டி, கிளவுஸ் போட்டு, மகன் பக்கத்தில் ஸ்டூலில் மகாராணி மாதிரி உட்கார்ந்தேன். பணியாரக் கல் மாதிரி குழி குழியாக இருந்த பிளாஸ்டிக் தட்டில் நீ செல் கலந்த தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டாய். மூச்சுக்கூட விடாமல் வேலை செய்தாய். யாரோ ஒரு நோயாளி கொடுத்த தோலிலிருந்து எடுத்த செல், அதில் இதுதான் கடைசி டியூப் என்றாய். இதை முடித்துவிட்டால் தீசிஸ் எழுத உட்கார்ந்துவிடலாம் என்றாய். தட்டை இன்குபேட்டருக்குள் வைத்துக் கதவைச் சாத்தினாய். "அரை மணி நேரம் அசையக்கூடாதும்மா. அப்பறம் மேல பிங்க் தண்ணி ஊத்தணும், செல்லுக்கு அதான் சாப்பாடு." அப்போது உன் சார் கூப்பிட்டார். "எதையும் தொடாத, ஜல்தியா வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுப் போனாய்.

பத்து நிமிஷம் சும்மாதான் இருந்தேன், சத்தியமாக. அப்புறம் எழுந்தேன். கதவைத் திறந்தேன். உள்ளே இன்னொரு கண்ணாடிக் கதவு, அதையும் திறந்தேன். தட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன், கெட்டியாகிவிட்டதா என்று தெரியவில்லை. தயிர் உறைந்ததா என்று பார்க்கக் கிண்ணத்தைச் சாய்ப்பேன் இல்லையா, அப்படிச் சாய்த்தேன். குழிகளில் இருந்தது ஒரு பக்கமாக வழுக்கி இறங்கியது. பயந்துபோய் நிமிர்த்தினேன். நிமிர்த்தியதில் மறுபக்கம் போயிற்று. உள்ளே வைத்து இரண்டு கதவையும் சாத்திவிட்டு ஸ்டூலில் வந்து உட்கார்ந்துகொண்டேன். கிளவுஸுக்குள் கை வேர்த்துக் கொட்டியது.

நீ வந்து பிங்க் தண்ணீரை ஓரமாக, மெதுவாக விட்டாய். ஜெல் துண்டு துண்டாக மேலே மிதந்து வந்தது. நீ மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டு ரொம்ப நேரம் நிமிரவே இல்லை. பிறகு என்னைப் பார்த்து, "ம்மா, கதவத் தொறந்தியா?" என்று கேட்டாய். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. நான் என்ன சொன்னேன்? "நான் ஏன்டா தொறக்கப் போறேன், இங்கியேதான் குந்திக்கினு இருக்கறேன்" என்றேன். வெளியே அந்தப் பெண் இருந்தாள். நர்ஸ், எல்லாம் தெரியும் என்று என்னை உள்ளே விட்டவள். அவள் எதிரில் தலை குனிய எனக்கு மானம் இடம் கொடுக்கவில்லை. நீ உடனே நம்பிவிட்டாய். அதுதான் இன்றைக்கு வரைக்கும் என்னால் தாங்க முடியாதது. பஸ் ஸ்டாண்டுக்கு வரும் வழியில் எனக்கே ஆறுதல் சொன்னாய். "ஜெல்லு போனா போவுதும்மா, ஒடைச்சாலும் சும்மா உட்டா மறுபடி அதுவா சேந்துக்கும். செல்லுதான் கீழ எறங்கிடுச்சி. அத எடுக்க முடியாது. எங்கியோ என் கைதான் தப்பு பண்ணிடுச்சி."

உன் கை! அங்கேயே ரோட்டில் நின்று சொல்லியிருக்க வேண்டும். வீட்டுக்கு வந்து போனில் சொல்லலாம் என்று நினைத்தேன். மறுநாள் சொல்லலாம் என்று நினைத்தேன். கண்ணு, உனக்கு நான் சொல்கிற புத்திமதி இது ஒன்றுதான்: தப்பு நடந்தால் அன்றைக்கே சொல்லிவிடு. அன்றைக்குத் தப்பை மட்டும் சொன்னால் போதும். அடுத்த நாள் ஏன் நேற்றே சொல்லவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நாள் ஆக ஆக அது பெரிசாகிக்கொண்டே போகிறது. திருவக்கரை அம்மனிடம் போய் அழுது சொன்னேன். அம்மனிடம் சொல்வது சுலபம், திருப்பி ஒன்றும் கேட்காது.

அதற்குப் பிறகு ஆறு மாதம் நீ புது செல்லுக்காகக் காத்திருந்தாய். உப்பில் தப்பா, புரோட்டீனில் தப்பா என்று ஒவ்வொன்றாகத் தேடினாய். எங்கே கிடைக்கும், தப்பு இங்கே விழுப்புரத்தில் சோறு ஆக்கிக்கொண்டிருந்தது. தீபாவளிக்கு வந்தாய், இளைத்துப் போயிருந்தாய். நான் அடுக்களைக்கு வந்தபோது நீ எவர்சில்வர் டம்ளரில் தளும்பத் தளும்பத் தண்ணீர் பிடித்துக் கையை நீட்டி வைத்துக்கொண்டு, தண்ணீர் ஆடுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாய். என்னைப் பார்த்ததும், "ம்மா, எனக்கு சுகர் எதனா இருக்குமா? கை நடுங்குதான்னு பாரேன்" என்று இரண்டு கையையும் நீட்டினாய். நான் உன் கையைப் பிடித்துப் பார்த்தேன். மிஷினை எடுத்து வந்து உன் விரலைக் குத்தி ரத்தம் எடுத்து சுகர் பார்த்தேன். "நார்மல்தான்டா. ஒழுங்கா சாப்புடு, தூங்கு, செரியாப் போயிடும்" என்றேன். எல்லாம் தெரிந்துகொண்டே குத்தினேன். எத்தனையோ பேருக்கு ஊசி குத்தியிருக்கிறேன், பாவம் என்று எனக்குத் தெரிந்து செய்தது அது ஒன்றுதான்.

நீ எப்படியோ எழுந்து நின்றாய், புது செல் வந்தது, திரும்பச் செய்தாய், டாக்டர் பட்டமும் வாங்கிவிட்டாய். சரி, நடந்தது நடந்துவிட்டது, இனி எதற்குக் கிளற வேண்டும் என்று மூடி வைத்திருந்தேன். போன மாதம் நீ உன் அப்பாவிடம் போனில் பேசியதை ஸ்பீக்கரில் கேட்கும் வரைக்கும். நீ போகப் போகிற வெளிநாட்டு லேபில் இரண்டு வேலையில் எது வேண்டும் என்று நீ போய்ச் சேர்ந்ததும் சொன்னால் போதும் என்றார்களாம். "நான் கம்ப்யூட்டர் வேலைதாம்ப்பா கேக்கப் போறேன். ஜெல் பக்கமே போவ மாட்டேன். என் கைய நம்பி ஒரு வேலைய எடுத்துக்க முடியாது" என்றாய். மூச்சு விடாமல் சொட்டுச் சொட்டாக விட்ட என் பிள்ளை, யாரும் பின்னாமல் அதுவா பின்னிக்கும் என்று கண் விரியச் சொன்ன பிள்ளை, நான் சொன்ன ஒரு பொய்யை நம்பிக்கொண்டு அதை விட்டுவிடப் போகிறான்.

மறுநாளே நிலத்துக்குப் போய், மல்லாட்டைக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்த உன் அப்பாவிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். திட்டுவார் என்று நினைத்தேன். மண்வெட்டியை நட்டு வைத்துவிட்டு, "எங்கிட்ட சொல்லி இன்னா பிரயோஜனம்? அவங்கிட்ட சொல்லு. அவன் பிளேன்ல ஏறி உக்கார்றதுக்குள்ள சொல்லு" என்றார். மடை மாற்றப் போய்விட்டார்.

இப்போது சொல்லிவிட்டேன். எனக்காக நீ மனசு இளக வேண்டாம், கோபப்படு. ஒரு வாரம் பேசாமல் இருக்க வேண்டும் என்று தோன்றினால் இரு. நான் போன் பண்ணி, சாப்பிட்டாயா, கோபமா, என்ன யோசிக்கிறாய் என்று குடைய மாட்டேன். இனிமேல் பிரித்துப் பார்க்க மாட்டேன் என்று சொன்னால் உனக்குச் சிரிப்பு வரும், எனக்கே வருகிறது. ஆனால் இந்தக் கவர் மூன்று நாளாக என் கண் முன்னால் இருந்தும் முழுசாக இருக்கிறது. பொய் சொல்லக்கூடாது என்று முடிவு பண்ணிவிட்டதால் இதையும் சொல்லிவிடுகிறேன்: ஒரு தடவை டியூப் லைட்டுக்கு எதிரில் பிடித்துப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. வைத்துவிட்டேன்.

குழம்பு அடுப்பு மேல் இருக்கிறது, சூடு பண்ணிக்கொள். அப்பா மத்தியானம் வந்துவிடுவார். விசா கொடுத்திருந்தாலும் சரி, இல்லை என்று திருப்பியிருந்தாலும் சரி, முதலில் நீ பார், நீ சந்தோஷப்படு, இல்லை நீ வருத்தப்படு. எனக்கு அப்புறம் சொன்னால் போதும். அன்றைக்குத் தட்டைச் சாய்த்தது நான்தான், கண்ணு. நான் ஊசி குத்திப் பார்த்தேனே, அந்தக் கையாலேயே இந்தக் கவரைப் பிரி. அந்தக் கையில் ஒரு குறையும் இல்லை. அன்றைக்கும் இல்லை.

அம்மா